இரவல் சங்கிலியோடு கோர்ட்டுக்கு

கோர்ட்டுக்குப் போகிறவள் கழுத்தில் என்ன போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று எந்த வக்கீலும் சொல்லித் தருவதில்லை. என்ன பேசவேண்டும், எதைப் பேசக்கூடாது, நீதிபதி கேட்டால் எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்பதையெல்லாம் எங்கள் வக்கீல் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நல்ல மனுஷன். விவசாயச் சங்கத்துக்காக வழக்காடுகிறவர், எங்களிடம் ஃபீஸ் என்று வாய் திறந்ததில்லை. ஆனால் அவருக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு பெண்டாட்டி இருந்திருந்தால், நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் புறப்படும் பெண் முதலில் எதைத் தேடுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அக்காவின் நிலமும் போயிருக்காது. இத்தனை வயதாகியும் இந்த ஆற்றாமை எனக்குத் தீரவில்லை.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. கீழ்வேளூர் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட குடும்பம் எங்களுடையது. ஓரகத்திகள் என்றால் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். ஊரை ஏமாற்றாமல் நாங்களும் போட்டுக்கொண்டோம். ஆனால் பொழுது சாய்வதற்குள் முடித்துக்கொள்வோம். ஒருத்தி நாற்றங்காலில் இருந்தால் இன்னொருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு மிராசுதாரின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தார்கள். ஆட்சி மாறியபின், குத்தகைக்காரர் பெயரை அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்தது. சுவரெல்லாம் அதைப் பற்றித்தான் எழுத்து. எங்களைப் போன்றவர்களுக்கு நல்லது செய்ய வந்த சட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெயர் பதிவாவதற்கு முன்பே ஆளைக் கிளப்பிவிட வேண்டும் என்பது மிராசுதாருக்கு எங்களைவிட முந்தித் தெரிந்துவிட்டது. சம்பா அறுப்புக்கு வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு பக்கம் கொடி பிடித்தவர்கள், ஒரு பக்கம் போலீஸ் வண்டி. அந்தத் தள்ளுமுள்ளில் என் மூத்தார், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், வரப்பிலிருந்து விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியது. ஆனாலும் அந்தக் கையை அவரால் மறுபடி தலைக்குமேல் தூக்க முடியவில்லை. நிலமும் எங்கள் கையை விட்டுப் போனது.

அடுத்த நடவுக்கு நாங்கள் கூலிக்கு இறங்கினோம். முந்தின வருஷம் வரை எங்கள் வயலுக்கு வேலைக்கு வந்த பெண்கள்தான் இப்போது எங்கள் பக்கத்தில் குனிந்து நட்டார்கள். அவர்கள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அக்காவுக்குத் தான் கூலிக்குப் போவதில் வருத்தமில்லை. மூத்தாரைப் பார்க்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சொந்தமாக நாலு மா, ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, நிலம் இருந்தால் ஆள்விட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டாவது மரியாதையாக இருப்பார்.

"அடுத்தவன் வரப்புல அவரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதப் பாக்க முடியலடி" என்று ஒருநாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொல்லி அழுதாள்.

நாலு மா நிலம் அவளுக்கு இருக்கவே இருந்தது. அவளுக்குத்தான் அது தெரியாது.

குத்தகைத் தகராறு விஷயமாக எங்கள் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தோம். பேச்சுவாக்கில் அக்காவின் பிறந்த ஊர் குடவாசல் பக்கம் என்றும், அவள் அப்பா மாட்டு வியாபாரம் செய்து எட்டு மா நஞ்சை வாங்கியவர் என்றும் வந்தது. வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சுயமா சம்பாதிச்சு வாங்கினதா? உயில் எதுவும் எழுதி வச்சாரா?"

"இல்லைங்க. திடீர்னு போயிட்டாங்க. அம்மா அதுக்கு முந்தியே போயாச்சு. நானும் அண்ணனும்தான்."

"அப்ப சரிபாதி உங்களுக்கும்மா."

"பொண்ணுக்குமாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"பொண்ணுக்கும்தான். அந்தச் சட்டம் வந்து எவ்வளவோ காலமாச்சே."

எங்கள் ஊருக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள், சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், உரக்கம்பெனிக்காரன்கூட ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தான். இந்த ஒரு சேதியைச் சொல்ல ஒருத்தரும் வரவில்லை. இத்தனைக்கும் அக்காவின் அண்ணன் அந்த ஊரில் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். மேடையில் பெண்ணுரிமை பற்றி அவர் பேசி நானே கேட்டிருக்கிறேன். கைதட்டியும் இருக்கிறேன். அப்பா கண்ணை மூடியதும் எட்டு மாவுக்கும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவரும் அவர்தான்.

அக்கா முதலில் நேரில் போய்த்தான் கேட்டாள். நானும் கூடப் போனேன். வாழை இலை போட்டுச் சோறு போட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். அண்ணன் கோபப்படவே இல்லை, அதுதான் கஷ்டம்.

"உனக்கு என்ன வேணும்னாலும் கேளு, அண்ணன் செய்யறேன். நிலத்த மட்டும் கேக்காத. பொறந்தவளுக்கு நிலத்த வெட்டிக் குடுத்தான்னு ஊர்ல என்னை என்ன பேசுவாங்க?"

ஊர் என்ன பேசும் என்ற கவலை அந்தக் குடும்பத்துக்கே ரத்தத்தில் ஓடியது. அண்ணனுக்கு மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. தங்கைக்கும் அதே ரத்தம்தானே.

வழக்குப் போடுவது என்று முடிவானபோது வக்கீல் தலையைச் சொறிந்தார். பட்டா அண்ணன் பெயரில், சாகுபடியும் அவருடையது. அக்கா ஒருநாளும் அனுபவத்தில் இருந்ததில்லை. அதனால் பாதி நிலத்தின் மதிப்புக்குத் தக்கபடி கோர்ட் கட்டணம் கட்டவேண்டும் என்றார். அவர் ஃபீஸ் வாங்காமல் இருக்கலாம், சர்க்கார் வாங்காமல் இருக்குமா? சட்டம் உரிமையைக் கொடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து கட்டணம் கேட்டது.

சங்கத்தில் வழக்கு நிதி என்று ஒன்று இருந்தது. நாங்களும் அறுப்பில் அதற்கு நெல் அளந்திருக்கிறோம். போய்க் கேட்டோம். குத்தகை வழக்கென்றால் கொடுக்கலாம், இது அண்ணன் தங்கைத் தகராறு, சங்கம் தலையிட்டால் தப்பாகப் பேசுவார்கள் என்றார்கள். நிலத்துக்காகப் போராடுகிறவர்கள் பொம்பளை நிலம் கேட்டால் மட்டும் அதைக் குடும்ப விவகாரம் என்றார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வந்தேன். பிரயோஜனம் ஒன்றுமில்லை.

பிறகு ரைஸ்மில் முதலாளி ஒருவர் தானாகவே ஆளனுப்பினார். ஐகோர்ட் வரைக்கும் ஆகிற செலவைத் தான் போடுவதாகவும், ஜெயித்தால் கிடைப்பதில் பாதியைத் தன் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். இப்படி வழக்குகளுக்குப் பணம் போட்டு அவர் நிறைய நிலம் சேர்த்திருந்தார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஒன்றுமில்லாததற்கு இரண்டு மா மேல் இல்லையா? அக்கா முடியாது என்றுவிட்டாள்.

"அண்ணன் வயலுக்குப் பக்கத்து வயல்ல வெளியாளக் கொண்டாந்து உக்கார வைக்கவா? நாளைக்கு வாய்க்கால் தண்ணிக்கு ரெண்டு பேரும் வெட்டிக்குவாங்க."

வழக்கே அண்ணன்மேல்தான். அவர் வயலுக்குத் தண்ணீர் பாயவேண்டும் என்ற கவலையும் இவளுக்குத்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் மிஞ்சியது பாப்பர் மனு. கட்டணம் கட்ட வசதியில்லாதவர், கட்டாமலே வழக்கு நடத்த அனுமதி கேட்டுப் போடுகிற மனு அது. தன்னிடம் இருக்கிற சொத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். அண்டா, குடம், இரண்டு ஆடு என்று எங்கள் பிழைப்பு முழுவதும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. கிராம அதிகாரி வந்து வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, சரிதான் என்று கையெழுத்துப் போட்டார். நகை எதுவும் கிடையாது என்று அதில் இருந்தது. அது உண்மை. அவள் தாலிகூட மஞ்சள் கயிற்றில்தான் கிடந்தது.

அவள் நகை எங்கே போனது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணத்தின்போது அண்ணன் அவளுக்கு ஒரு கனமான சங்கிலி செய்து போட்டிருந்தார். சில வருஷம் கழித்து, ஆயில் எஞ்சின் வாங்கவேண்டும், அறுப்பு முடிந்ததும் மீட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். எஞ்சின் ஓடியது. சங்கிலி வரவில்லை. பிறந்தவீட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று, ஆற்றில் குளிக்கும்போது தவறிவிட்டது என்று அக்கா எங்கள் வீட்டில் சொன்னாள். மாமியார் மாதக்கணக்கில் அவளைக் கரித்துக்கொட்டினார்கள். அத்தனையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்கவில்லை. என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொல்லியிருந்தாள், அதுவும் சத்தியம் வாங்கிக்கொண்டு.

மனு விசாரணைக்கு வந்த அன்று காலை நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றாள்.

"ஏண்டி, உன் சங்கிலியக் குடு. சாயங்காலம் வந்து குடுத்துடறேன். எங்க ஊர்லேருந்து ஆளுங்க வருவாங்க. வெறும் மஞ்சக் கயித்தோட எப்படி நிக்கிறது?"

கழற்றிக் கொடுத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் ஒரு சங்கிலி தெருவில் பல கழுத்துகளுக்குப் போய்வரும். கல்யாணம், காதுகுத்து, பெண்பார்க்க வருவது, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள், கொடுப்போம். யாருடைய சங்கிலி என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் அது மரியாதை கெட்ட காரியம். கோர்ட் அதைத்தான் கேட்டது.

பஸ் தாமதமாக வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மனுவை அழைத்துவிட்டார்கள். வக்கீல் எங்களைப் பார்த்த நிம்மதியில் அவளை அப்படியே கூண்டுக்கு அனுப்பினார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்க பெஞ்சில் அண்ணன் கரைவேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்த ஊர் ஆட்கள், பங்காளிகள், பள்ளிக்கூட வாத்தியார்கூட இருந்தார். அண்ணனின் வக்கீல் வயசானவர். எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். அப்போதுதான் மனுவில் நகை இல்லை என்று எழுதிக் கொடுத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"உங்ககிட்ட நகை ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"கழுத்துல போட்டிருக்கிறது என்னம்மா?"

அக்கா கையால் சங்கிலியை மூடிக்கொண்டாள்.

"தங்கம்தானே?"

"ஆமாங்க."

"யாரு செஞ்சு போட்டது?"

இரவல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. நான் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன், என்னைக் காட்டியிருக்கலாம். ஆனால் அதோடு அந்த வக்கீல் விட்டிருப்பாரா? கல்யாணத்தில் உங்களுக்கு அண்ணன் போட்ட சங்கிலி எங்கே என்று அடுத்த கேள்வி வந்திருக்கும். ஊரே உட்கார்ந்திருக்கிறது. மாமியாரிடம் சொன்ன ஆற்றுக் கதை அவர் குறுக்குக் கேள்விக்கு நிற்காது. அந்தக் கேள்விக்கு வழிவிடக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் அவள் புத்தியில் இருந்தது. அண்ணனை ஒருமுறை பார்த்தாள்.

"எங்க அண்ணன் போட்டதுங்க. கல்யாணத்துக்கு."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அது தன் சங்கிலி இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? எழுந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் வேட்டிக் கரையை நீவிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். சொல்லிவிட்டேன். அவளுக்குச் செய்துகொடுத்த சத்தியமாவது ஒன்றாவது. அவர் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

"ஒரு சங்கிலிய வச்சுக் கட்டணம் கட்ட முடியாதுன்னு நான் வாதாடலாம்மா. ஆனா இருக்கிறத மறைச்சாங்கன்னு ஆயிடுச்சே. மறைச்சா மனு நிக்காது."

"அது என் சங்கிலிங்க. நான் கூண்டுல ஏறிச் சொல்றேன். வாங்கின ரசீது இருக்கு, ஆசாரியக் கூட்டிட்டு வர்றேன்."

அதற்கு வழி இருப்பதாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா மறுபடி கூண்டில் ஏறி, முதலில் சொன்னது பொய் என்றும், ஏன் சொன்னேன் என்றும் தன் வாயால் சொல்லவேண்டும். அக்கா மாட்டேன் என்றாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், மூத்தாரின் கையைச் சொல்லிக் கேட்டேன்.

"தங்கச்சி நகைய வித்துத் தின்னவன்னு அண்ணன ஊர் சொல்லணுமா? நிலம் கேட்டு வந்தேன். அவரு மானத்தக் கேட்டு வரலடி" என்றாள்.

 

பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர் டீக்கடையில் அண்ணன் தன் ஆட்களோடு நின்றிருந்தார். நாங்கள் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. "பாத்தீங்கல்ல, கேசே போட்டாலும் என் தங்கச்சி என்னைய விட்டுக்குடுக்கல" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலில் பெருமை இருந்தது. அதைக் கேட்டு அக்காவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மனு தள்ளுபடி ஆனது. கட்டணம் கட்டினால் வழக்கை நடத்தலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். என் சங்கிலியை விற்கலாம் என்றேன். அது பாதிக்குக்கூடக் காணாது, உன் பெண்ணுக்கு வேண்டும், பேசாமல் இரு என்றாள். ரைஸ்மில்காரரிடம் நான் ஒருத்தியாகவே போய்ப் பார்த்தேன். சொத்தை மறைத்தாள் என்று ஆன வழக்கில் யாராவது காசு போடுவார்களா என்று அவர் சிரித்தார். அவகாசம் முடிந்தது. வழக்கு அத்தோடு செத்துப்போனது.

அண்ணன் வருவார், தன் மானத்தைக் காப்பாற்றிய தங்கைக்குத் தானாகவே ஏதாவது செய்வார் என்று அக்கா எதிர்பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தை பிறந்தால் வாசல்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். பொங்கல் சீர்கூட வரவில்லை. கோர்ட்டுக்கு இழுத்த கோபம் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கென்னவோ, அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்றுதான் தோன்றியது. நிலத்தை இழந்து அண்ணனை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இரண்டும் இல்லாமல் போயிற்று. மூத்தார் செங்கல் சூளையில் காவலுக்குப் போனார், அங்கேயே ஒருநாள் உட்கார்ந்தபடி இறந்துபோனார். சொந்த வரப்பில் ஒரு பொழுதாவது அந்த மனுஷனை நடக்கவைக்க முடியவில்லையே என்பதுதான் அக்காவுக்கு மனசு ஆறாத குறை. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. ஆட்சிகள் மாறி மாறி வந்தன. மிராசுதாரின் பிள்ளைகள் மெட்ராஸுக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அக்காவின் அண்ணன் காலமானார். அவர் பிள்ளைகள் எட்டு மாவையும் விற்றார்கள், அதில் கல் நட்டு மனை போட்டாகிவிட்டது.

எங்கள் இருவருக்கும் தலை முழுவதும் நரைத்த பிறகு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவச சட்ட உதவி முகாம் என்று பந்தல் போட்டார்கள். பொழுது போகட்டும் என்று நான்தான் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். கருப்பு கோட்டு போட்ட ஒரு பெண் பேசினாள், எங்கள் பேத்தி வயசு இருக்கும். பெண்கள் யாராக இருந்தாலும் வழக்குக்கு வக்கீல் இலவசம், கோர்ட் கட்டணத்தையும் கட்டவேண்டியதில்லை, சொத்து இருக்கிறதா, நகை இருக்கிறதா என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றாள்.

நான் அக்கா பக்கம் திரும்பவில்லை. திரும்ப எனக்குத் தெம்பில்லை.

பேச்சு முடிந்ததும் அந்தப் பெண் ஒவ்வொருவரிடமாக வந்து விசாரித்தாள். எங்களிடமும் வந்து, ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா பேச ஆரம்பித்துவிட்டாள். அப்பா வாங்கிய நிலம், உயில் இல்லாதது, அண்ணன் பெயருக்குப் பட்டா போனது, இப்போது மனையாகி வீடுகள் எழும்பியிருப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோர்ட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண் நல்ல பெண். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"உங்களுக்குப் பாதி உண்டுதாம்மா. ஆனா இவ்வளவு வருஷம் விட்டுட்டீங்களே. கைமாறிப் போயிடுச்சு, இனிமே கஷ்டம். அப்பவே நீங்க கோர்ட்டுக்கு வந்திருக்கணும்."

"வந்தேம்மா" என்றாள் அக்கா. "அப்பவே வந்தேன்."